பிரதி எடுத்துக் கொடுத்தவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுக் கணினிகளின் தொடக்கக் காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், “அன்றைய ஆர்வலர்கள் மென்பொருளை இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள்” என்று ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கும் அதுவே மனத்துக்கு நெருக்கமான விஷயம். பல ஆண்டுகளாகப் பழைய ஃப்ளாப்பி வட்டுகளையும் கேசட்டுகளையும் படித்துப் பாதுகாக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: இணையம் இல்லாத நாளில், ஒரு நிரல் எங்கோ இருக்கிறது என்பதே எப்படித் தெரியவந்தது? – கல்லூரி மாணவி

ப: ஆள் ஆளிடம் கேட்டுத்தான். 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற வீட்டுக் கணினி வந்தது. அடிப்படைப் பெட்டியின் நினைவகம் வெறும் 256 பைட்டுகள். முன்புறச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் நிரலை உள்ளே ஏற்ற வேண்டும். பாகங்களை இணைத்துப் பெட்டியைச் செய்து முடித்தவருக்கு அடுத்த கேள்வி, இதில் எதை ஓட்டுவது என்பதுதான். அதே ஆண்டு மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் கூடிய ஹோம்ப்ரூ கணினிக் கழகம், இந்தக் கேள்வியோடு தவித்தவர்கள் சேர்ந்த இடம்.

அந்தக் கழகம் பின்னாளில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மையத்து அரங்கில் கூடியது. கூட்டத்தை நடத்திய லீ ஃபெல்சன்ஸ்டீன் ஒரு முறையை வைத்திருந்தார். முதல் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன தேவை என்று சொல்வார்கள். இரண்டாம் பகுதியில் எல்லாரும் எழுந்துபோய், தமக்கு வேண்டியதைச் சொன்ன ஆளைத் தேடிப் பிடித்துப் பேசுவார்கள். இன்றைய தேடுபொறி செய்கிற வேலை அதுதான் என்பேன். கூடுதலாக, கிடைத்த பொருளோடு அதைச் செய்தவரின் முகமும் கிடைத்தது. சந்தேகம் வந்தால் அடுத்த கூட்டத்தில் அவரையே கேட்கலாம்.

தொலைவில் இருந்தவர்களுக்குக் கழகச் செய்தி மடல்களும் இதழ்களும் தபாலில் போயின. பின்னர் வட்டு நூலகங்களின் பட்டியல் வந்தது. நிரலின் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து, எதிரே ஒரு வரி விவரம். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டி, தபாலுக்குக் காத்திருப்பார்கள். அந்த வரியை எழுதியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கே: பத்திரிகையில் அச்சான நிரலைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்களாமே, உண்மையா? அவ்வளவு பொறுமை யாருக்கு இருந்தது? – தட்டச்சுப் பயிற்சி ஆசிரியர்

ப: உண்மை. உங்களுக்கு இந்தப் பதில் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேசிக் மொழியில் எழுதிய நிரல் என்றால் பாதகமில்லை. சொற்கள் இருக்கும், பொருள் புரியும், பிழை கண்ணில் படும். சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திர மொழி நிரல்களை இதழ்கள் எண்களாகவே அச்சிட்டன. வரிக்கு எட்டோ பதினாறோ எண்கள், வரிசை வரிசையாக, இடையில் ஒரு சொல்கூட இல்லாமல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய இதழின் ஒளிநகலை வைத்துக்கொண்டு, சிறிய பேசிக் மொழிபெயர்ப்பி (பேசிக் வரிகளைக் கணினியில் ஓடவைக்கும் நிரல்) ஒன்றை நானே அடித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 2 கிலோபைட். மூன்று மாலைகள் ஆயின. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டரில் ஏற்றி ஓட்டினேன். வரவேற்புச் செய்தி சரியாக வந்தது. மகிழ்ச்சியோடு ஒரு விசையைத் தட்டினேன். திரையில் நான் தட்டிய எழுத்து வரவில்லை. எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சுட்டி மட்டும் வெற்றிடம் வெற்றிடமாக விட்டுக்கொண்டு தானே ஓடத் தொடங்கியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான்காவது மாலையும் போயிற்று. தாளில் இருந்தது ‘டிபி 01’ (இந்தப் பதினாறடிமான எண் முறையில் 9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களே). இன்டெல் 8080 சிப்புக்கு அதன் பொருள், முதலாம் வாயிலிலிருந்து ஓர் எழுத்தை வாங்கு என்பது. நான் அடித்திருந்தது ‘டி8 01’. மங்கிய அச்சில் ஆங்கில ‘பி’ எழுத்து 8 போலத் தெரிந்திருக்கிறது. டி8 என்றால் ஒரு நிபந்தனை நிறைவேறினால் திரும்பிப் போ என்று பொருள். நிபந்தனை நிறைவேறவில்லை, சிப் மேலே நடந்தது. அடுத்து வந்த 01, தனக்குப் பின்னால் இருந்த இரண்டு எண்களையும் தன்னுடைய தரவு என்று விழுங்கிவிட்டது. எழுத்தை வாங்கும் கட்டளையே காணாமல்போனது. அதற்கு முந்தைய படியில், விசை தட்டப்பட்டதா என்று சோதித்தபோது மிஞ்சிய 20 என்ற பதினாறடிமான எண் கையில் இருந்தது. அது வெற்றிடத்தின் குறி எண். வாயிலில் காத்திருந்த எழுத்தை யாரும் எடுக்காததால் அது அங்கேயே நின்றது, வெற்றிடங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஓர் எழுத்துப் பிழையின் விலை இது.

அன்றைய ஆர்வலர்களில் பலர் ஒருவர் படிக்க மற்றவர் அடித்தார்கள், பின்பு இடம் மாறிச் சரிபார்த்தார்கள். இந்தத் துன்பத்தைக் கண்டுதான் ‘கம்ப்யூட்!’ இதழ் 1983-இல் எம்எல்எக்ஸ் என்ற உள்ளீட்டு நிரலைத் தந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் அச்சாகியிருக்கும், அடித்தது ஒத்துவராவிட்டால் அந்த வரியிலேயே நிறுத்திவிடும். இன்னும் துணிச்சலான வழி 1977 மே மாத ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ இதழில் வந்தது. இதழோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு. அதில் பாட்டுக்குப் பதிலாக 6800 சிப்புக்கான பேசிக் ஒலியாகப் பதிவாகியிருந்தது. தட்டை ஓடவிட்டு, கம்பியைக் கணினியோடு இணைத்து நிரலை ஏற்றிக்கொள்ளலாம்.

பொறுமை யாருக்கு இருந்தது என்று கேட்டீர்கள். அடித்து முடித்தவருக்கு நிரலின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும். என் நான்காவது மாலையில் நான் கற்றது முதல் மூன்று மாலைகளிலும் கற்றதைவிட அதிகம்.

கே: பில் கேட்ஸ் அந்த ஆர்வலர்களைத் திருடர்கள் என்று எழுதினாராம். நீங்கள் அவர்களைப் புகழ்கிறீர்கள். யார் பக்கம் நியாயம்? – கணக்குத் தணிக்கையாளர்

ப: கடிதத்தின் தேதி 1976 பிப்ரவரி 3. ஆல்டேருக்காக அவருடைய நிறுவனம் எழுதிய பேசிக், துளையிட்ட காகித நாடாவில் வந்தது. ஒரு நாடா கைமாறி, பல நாடாக்களாகப் பெருகிவிட்டது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பேசிக் வாங்கவில்லை என்றும், பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு மட்டும் 40,000 டாலருக்கு மேல் என்றும், கிடைத்த உரிமைத்தொகையைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலர்கூட ஆகவில்லை என்றும் எழுதினார்.

விற்பனைக்கு என்று ஒருவர் எழுதியதை அவரைக் கேட்காமல் பிரதி எடுத்தது தவறுதான். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. பணம் வாங்காமல் யார் தொழில்முறை வேலை செய்வார்கள், பிழை திருத்தி, ஆவணம் எழுதி, இலவசமாக யார் கொடுப்பார்கள் என்பது. அதற்குப் பதில் அவர் கேட்பதற்கு முன்பே அச்சேறத் தொடங்கியிருந்தது. மக்கள் கணினி நிறுவனம் என்ற சிறு குழு, சிறிய பேசிக் ஒன்றை எப்படி எழுதுவது என்ற திட்டத்தை 1975-இலேயே தன் செய்தித்தாளில் வெளியிட்டது. இதை டென்னிஸ் அல்லிசன் வகுத்துத் தந்தார். டெக்சாசின் டைலர் நகரைச் சேர்ந்த இருவர் அதைக் கொண்டு ஒரு முழு மொழிபெயர்ப்பியை எழுதி அனுப்பினார்கள். இவற்றை வெளியிடவே 1976 ஜனவரியில் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ பிறந்தது. அதே ஆண்டில் லி-சென் வாங் தம் ‘பாலோ ஆல்டோ டைனி பேசிக்’ என்ற சிறிய பேசிக்கை முழு மூல நிரலோடு கொடுத்தார். “காப்பிரைட், எல்லா உரிமைகளும் காக்கப்பட்டவை” என்று போடுகிற இடத்தில் “காப்பிலெஃப்ட், எல்லாத் தவறுகளும் காக்கப்பட்டவை” என்று போட்டார். டாம் பிட்மன் தம்முடைய டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார், விலை நியாயமாக இருந்தால் வாங்குவார்கள் என்று காட்டுவதற்காக. வாங்கவும் செய்தார்கள்.

நீங்கள் தணிக்கையாளர். இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பிறர் விற்பதைப் பிரதி எடுத்தவர்கள் ஒரு கணக்கு. தாம் எழுதியதைப் பிறருக்குக் கொடுத்தவர்கள் வேறு கணக்கு.

கே: வானொலியில் கணினி நிரல் ஒலிபரப்பினார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லை. – வானொலி நேயர்

ப: நம்புங்கள். கேசட்டில் நிரல் ஒலியாகத்தான் பதிவானது. 1975-இல் வகுத்த கான்சாஸ் சிட்டி தர முறையில் 1 என்பதற்கு 2400 ஹெர்ட்ஸ் கீச்சொலி, 0 என்பதற்கு 1200 ஹெர்ட்ஸ் கீச்சொலி. ஒலி என்றால் அதை ஒலிபரப்பவும் முடியும். நெதர்லாந்தின் என்ஓஎஸ் வானொலியில் ‘ஹாபிஸ்கூப்’ நிகழ்ச்சி அதைச் செய்தது. நேயர்கள் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்துகொண்டு, பின்பு கணினிக்குள் ஏற்றினார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் அடுத்து எடுத்த அடி. ஒவ்வொரு கணினியின் பேசிக்கும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்கு அனுப்பியது மற்றொன்றில் ஓடாது. எனவே பேசிகோட் என்று ஒரு பொது வழக்கை ஏற்படுத்தினார்கள். 1000-க்குக் கீழ்ப்பட்ட வரி எண்கள் கணினிக்கு ஒதுக்கப்பட்டவை. அங்கே அந்தந்தக் கணினிக்கு ஏற்ற துணை நிரல்கள் இருக்கும். 100-ஆம் வரியை அழைத்தால் திரை துடைக்கப்படும், 110-ஐ அழைத்தால் சுட்டி கேட்ட இடத்துக்குப் போகும், 210-ஐ அழைத்தால் ஒரு விசைக்காகக் காத்திருக்கும். ஒலிபரப்பாகும் நிரல் 1000-ஆம் வரியில் தொடங்கும். எப்படித் துடைப்பது என்பது உன் வீட்டுக் கணினியின் பாடு, எப்போது துடைப்பது என்பது நிரலின் பாடு. ஒரே ஒலிபரப்பு, பல கம்பெனிகளின் பெட்டிகளில் ஓடியது. கிழக்கு ஜெர்மனி வானொலியும் பின்னர் இதைக் கையாண்டது. பெல்கிரேடு வானொலியில் ஸோரான் மோட்லியும் தம் நிகழ்ச்சியில் நிரல்களை ஒலிபரப்பினார்.

கே: தொலைபேசி வழியாகவும் அனுப்பினார்களா? இரைச்சலில் கெட்டுப்போகாதா? – ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்

ப: கெட்டுப்போகும் என்று உங்களுக்குத் தெரிந்தது வார்ட் கிறிஸ்டென்சனுக்கும் தெரிந்திருந்தது. 1977-இல் அவர் எழுதிய மோடம் நிரல், கோப்பை 128 பைட்டுத் துண்டுகளாக வெட்டியது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண், அந்த எண்ணை 255-இலிருந்து கழித்த எண், முடிவில் ஒரு கூட்டுத்தொகை. பெற்றவர் கூட்டிப் பார்ப்பார். சரி என்றால் அடுத்த துண்டு, தவறு என்றால் அதே துண்டு மறுபடியும். 300 பாட் (நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து) வேகத்தில் 16 கிலோபைட் அனுப்பப் பத்து நிமிடம் போல ஆகும். மறு ஆண்டு பிப்ரவரியில் அவரும் ராண்டி சூயஸும் சிகாகோவில் தொலைபேசி வழி அறிவிப்புப் பலகையைத் தொடங்கினார்கள். மோடம் நிரலையோ அவர் பொதுச்சொத்தாகவே விட்டார். பிறகு எத்தனையோ பேர் அதைத் திருத்தினார்கள், திருத்தியவர்கள் கோப்பின் தலைப்பகுதியில் தேதியும் பெயரும் எழுதிச் சென்றார்கள். அந்தத் தலைப்பகுதிகளைப் படிப்பது எனக்கு ஒரு குடும்ப மரத்தைப் படிப்பதுபோல இருக்கும்.

கே: ஷேர்வேர், ஃப்ரீவேர், பொதுச்சொத்து, சுதந்திர மென்பொருள் எல்லாம் ஒன்றுதானே? – பள்ளி ஆசிரியை

ப: இல்லை. பொதுச்சொத்து என்றால் எழுதியவர் உரிமை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஷேர்வேர் என்றால் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், பிடித்திருந்தால் எழுதியவருக்குப் பணம் அனுப்பவேண்டும். 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் நிரலை இப்படி வெளியிட்டு அதற்கு ஃப்ரீவேர் என்று பெயர் வைத்தார். இன்று அந்தச் சொல்லுக்குப் பொருளே மாறிவிட்டது, பணமே கேட்காத நிரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். பாப் வாலஸின் பிசி-ரைட் நிரலில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. 75 டாலர் கட்டிப் பதிவு செய்தவரின் பிரதிக்கு ஓர் எண் உண்டு. அந்தப் பிரதியைப் பெற்ற இன்னொருவர் பதிவு செய்தால், கொடுத்தவருக்கு 25 டாலர் வரும். சுதந்திர மென்பொருள் என்பது 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து தொடங்கும் தனிக் கதை. அதன் மையம் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் உள்ள உரிமை. தனி இதழில் எழுதுகிறேன்.

கே: இலவசமாகக் கொடுத்தார்கள் என்கிறீர்கள், ஆனால் வட்டுக்குக் காசு வாங்கினார்களே? – சிறு வணிகர்

ப: வட்டுக்கும் தபாலுக்கும் வாங்கினார்கள், வாங்கத்தான் வேண்டும். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நியூ ஜெர்சி அமெச்சூர் கணினிக் குழுவின் ஒரு பிரிவு சிக்/எம் என்ற பெயரில், சிபி/எம் என்ற இயக்கமுறைமையில் ஓடிய கணினிகளுக்கான வட்டு நூலகத்தை நடத்தியது. அதன் ஒரு தொகுதியைத் திறந்து பார்த்தால் எவ்வளவு உழைப்பு என்று தெரியும். எட்டு அங்குல ஒற்றை அடர்த்தி வட்டு. 77 தடங்கள், தடத்துக்கு 26 பிரிவுகள், பிரிவுக்கு 128 பைட்டு. கோப்புகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 241 கிலோபைட். அதில் முதலில் நிற்பது ‘கேட்டலாக்’ என்ற கோப்பு. பட்டியலை அகர வரிசைப்படுத்தினாலும் தலையில் நிற்கட்டும் என்று பெயருக்கு முன் ஒரு சிறுகோடு போட்டிருப்பார்கள். அதில்தான் நான் மேலே சொன்ன ஒரு வரி விவரங்கள். அடுத்து ஒரு சரிபார்ப்புப் பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்ட ஒரு குறி எண், கூடவே அதைச் சரிபார்க்கும் நிரல். உங்களுக்கு வந்த பிரதி பத்தாவது கையிலிருந்து வந்திருந்தாலும், மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இடம் போதாததால் ஆவணங்களைச் சுருக்கி வைத்திருப்பார்கள். சுருக்கியதற்கு அடையாளமாகக் கோப்பு வகையின் நடு எழுத்து ‘க்யூ’ என்று மாறியிருக்கும்.

இதையெல்லாம் செய்தவர் நூலகர். வந்து குவியும் நிரல்களை ஓட்டிப் பார்த்து, ஓடாததை ஒதுக்கி, ஒரே நிரலின் நான்கு பதிப்புகளில் புதியது எது என்று கண்டறிந்து, ஒரு வரியில் விவரம் எழுதி, ஒவ்வொரு வட்டாகப் பிரதி எடுத்து, உறையில் பெயர் எழுதித் தபாலில் சேர்த்தவர். 5¼ அங்குல வட்டுகள் வந்தபின் வேலை இன்னும் பெருகியது, ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வட்டை வேறு வேறு அமைப்பில் எழுதியது. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவர் கணினியில் படிக்காது.

அமிகா கணினிக்கு ஃப்ரெட் ஃபிஷ் என்ற ஒரே மனிதர் இதைச் செய்தார். 1980-களின் நடுவில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கம் எழுதி வெளியிட்டார். 2007-இல் அவர் மறைந்தபோது, அந்த வட்டுகளில் இருந்த பல நிரல்களுக்கு உலகில் வேறு பிரதி இருந்ததா என்று நான் யோசித்தேன். நிரலை எழுதியவரைப் பற்றிப் பேசுகிறோம். அது நம் கைக்கு வந்து சேர வழிசெய்தவருக்கும் அதே மரியாதை உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வட்டுக்கு வாங்கிய காசில் அவருடைய மாலை நேரம் சேரவில்லை.

கே: உறவினர் ஒருவரின் பழைய பெட்டியில் எட்டு அங்குல வட்டுகளும் 5¼ அங்குல வட்டுகளும் கிடைத்தன. உறைகளில் கையால் எண்கள் எழுதியிருக்கின்றன. என்ன செய்யலாம்? – பொறியாளர்

ப: முதலில் எதையும் வட்டு இயக்கியில் போடாதீர்கள். வெளிச்சத்தில் வட்டைப் பிடித்து, திறந்த நீள்துளை வழியாகப் பரப்பைப் பாருங்கள். வெண்பூசணமோ வட்டமான கீறலோ இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். பூசணத்தோடு ஓட்டினால் அந்த வட்டும் போகும், இயக்கியின் தலையும் அழுக்காகி அடுத்த வட்டையும் கெடுக்கும்.

அடுத்தது, நான் பிழை செய்து கற்றது. 5¼ அங்குல வட்டின் ஓரத்தில் உள்ள சிறு வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது, வட்டு பாதுகாப்பாக இருக்கும். எட்டு அங்குல வட்டில் இது நேர்மாறு. வெட்டு திறந்திருந்தால்தான் பாதுகாப்பு, மூடினால் எழுத அனுமதி கொடுத்ததாகும். முன்பு ஒரு முறை பாதுகாப்பதாக எண்ணி எட்டு அங்குல வட்டின் வெட்டை நான் மூடினேன். அடுத்த கட்டளையில் அதன் பட்டியல் பகுதி அழிந்தது. கோப்புகள் உள்ளே இருந்தன, பெயர்கள் போய்விட்டன. அந்த வட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

வட்டைக் கோப்பு கோப்பாகப் படிக்க முயலாமல், காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கிரீஸ்வீசல் போன்றவை இப்போது கிடைக்கின்றன. வட்டு எந்த அமைப்பில் எழுதப்பட்டது என்பதைப் பின்னால் நிதானமாகக் கண்டுபிடிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றைக்கே, ஒவ்வொரு உறையையும் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். அந்தக் கையெழுத்து எண்கள் நூலகத் தொகுதி எண்களாக இருக்கலாம். யாரிடமிருந்து எந்தத் தேதியில் பிரதி எடுத்தது என்ற குறிப்பும் உறையில் இருக்கலாம். எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். என்னிடம் உள்ள பட்டியல்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.